நன்றி சொல்லாத நானா

“செவ்வாய். பொங்கலுக்கு அடுத்த கிழமை. வாடைக்காற்று. முசலிக் கரைக்குப் போனேன். அரை மூட்டை புது அரிசி கொடுத்தேன். ‘வந்து சேந்துட்டு’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.”

என் நாட்குறிப்பில் அவரைப் பற்றிய முதற் பதிவு இது. ‘வேறொன்றும் சொல்லவில்லை’ என்பதன் கீழே கோடு இழுத்திருக்கிறேன். அன்று எனக்கு மனவருத்தம் இருந்திருக்க வேண்டும். பாப்பாமோட்டையில் எங்கள் வயலில் விளைந்த முதல் அரிசி அது. பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கிராமத்தில் மருத்துவ முகாம் நடத்த அவர் தன் வீட்டு முன்மண்டபத்தை விட்டுத் தந்ததற்காக.

நான் அப்போது சுகாதாரப் பணிமனையில் எழுதுவினைஞர். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று மாதம் ஒருமுறை அந்தக் கரையோரக் கிராமத்துக்கு ஒரு வாகனத்தில் டொக்டரையும் தாதியையும் அனுப்பியது. அதற்கு இடம், தண்ணீர், நேரம் எல்லாம் ஒழுங்கு செய்வது என் பொறுப்பு. அந்த நிறுவனம் எந்த நாட்டுடையது என்று இங்கே எழுதவில்லை. அவருடைய பெயரையும் எழுதவில்லை. ஊரில் எல்லோரும் அவரை நானா என்றார்கள், அண்ணன் என்று பொருள். நானும் அப்படியே அழைத்தேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கரையில் மீன் நிறுத்து வாங்கி மன்னார்ச் சந்தைக்கு அனுப்புபவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர்.

அரிசி கொடுத்து ஒரு கிழமைக்குப் பிறகு பஸ் கொண்டக்டரின் கையில் ஓலைப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே விளைமீன். உடனே தொலைபேசி எடுத்து நன்றி சொன்னேன்.

“அத ஏன் எனக்குச் சொல்லுறீங்க கிளாக்கர்? மீன நானா உண்டாக்கினன்?”

“அனுப்பினது நீங்கள்தானே நானா?”

“அனுப்பினன். வந்து சேந்துச்சா?”

“வந்து சேர்ந்தது.”

“அதச் சொல்லுங்க. அது போதும்.”

தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவரை நன்றி கெட்டவர் என்று எடுத்துக்கொண்டால் தவறு. வாங்கும்போது எப்படியோ, கொடுக்கும்போதும் அவர் அப்படித்தான். நோன்பு காலத்தில் ஸகாத் அரிசியைப் பைகளில் கட்டி, இல்லாதவர்களின் வீட்டுப் படலைகளில் மாட்டிவிட்டு, கதவைத் தட்டாமல் நடந்துவிடுவார். யாராவது ஓடிவந்து கையைப் பிடித்தால் முகம் கறுத்துவிடும். “உங்கட ஹக்கு, எடுங்க” என்பார். ஹக்கு என்றால் உரிமை. இருப்பவனுடைய சொத்துக்குள்ளேயே இல்லாதவனுடைய பங்கு கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்து உரியவனிடம் சேர்ப்பதுதான் ஸகாத். சேர்ப்பவன் தபாற்காரன், அவ்வளவுதான் என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். “தபாற்காரனுக்கு மாலை போடுறதா கிளாக்கர்?”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி குரல் கொடுத்தார். நான் அவரை அக்கா என்ற பொருளில் ராத்தா என்று அழைப்பேன்.

“முப்பது வருசமா நான் ஆக்கிப் போடுறன். என்ட சோத்துக்கும் ‘வந்து சேந்துட்டு’தான். தபால் கந்தோரை நிக்காஹ் செஞ்ச மாதிரி இருக்கு.”

நானா சிரிக்கவில்லை. “உப்புக் கூடினாச் சொல்லுவன்தானே” என்றார்.

கரையில் அவரோடு நின்று பார்த்த நாட்கள் பல. வள்ளம் வந்ததும் கயிற்றைப் பிடித்து இழுக்க வருபவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். இழுக்க வலுவில்லாதவர்களும் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் உண்டு. புதிதாக வள்ளம் வாங்கிய சம்மாட்டி ஒருவன், கணவன் படுக்கையில் கிடக்கும் ஒரு பெண் மீனை எடுத்துக்கொண்டு பேசாமல் போவதைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

“என்ன இது, கடையில காசு குடுத்து வாங்கினமாதிரிப் போறா? ஒரு சொல்லுச் சொன்னா என்ன?”

நானா தராசை நிறுத்தினார்.

“கடல் நீ வெட்டின கிணறாடா?”

“மண்ணெண்ணெய் நான் ஊத்தினது நானா.”

“சரி. காத்து?”

“காத்துக்கு ஆருக்கும் காசு குடுக்கிறல்லையே.”

“அந்தக் குடுக்காத காசுதான் அது. போக விடு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்மாட்டியும் சிரித்தான். பெண் சிரிக்கவில்லை. அவள் அதற்குள் பாதித் தூரம் போயிருந்தாள்.

எனக்குப் பழைய வரலாறு வாசிக்கும் பழக்கம் உண்டு. அரிப்பு என்னும் ஊரில் பழைய ஆங்கிலேயத் தேசாதிபதியின் மாளிகை இடிந்து, துண்டு துண்டாகக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது. முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காகக் கட்டியது. அதன் நிழலில் இருந்துகொண்டு ஒருநாள் நான் அவருக்கு என் வாதத்தைச் சொன்னேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எல்லோரும் இந்தக் கடலின் அடியிலிருந்து அள்ளிக்கொண்டு போனவர்கள். இன்று அந்த மேற்கு நாடுகள் எங்களுக்கு மருந்து அனுப்புவது உதவி அல்ல, பழைய கடனைத் திருப்புவது என்றேன். அவர் ஆமோதிப்பார் என்று நினைத்தேன்.

“அப்பிடிச் சொல்லப்படாது” என்றார்.

“ஏன்?”

“எடுத்தவனிட்ட மட்டும் கேட்டா, எடுக்காதவன் தப்பிருவான். முத்தைக் கண்ணால காணாத பணக்கார நாடு எத்தின இருக்கு? அவங்களுக்கு ஒண்டுமில்லையா?”

“அப்ப என்ன காரணத்துக்காகத் தரவேணும்?”

“இருக்கிறதால. வேற என்ன காரணம் வேணும்?”

இதைக் குறித்து வைத்திருக்கிறேன். என் குறிப்பில் ஞாயிறு என்று உள்ளது. அவர் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்துதான் அங்கே போனோம் என்பார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்குக் கிழமைகள் மறந்துபோன காலம் அது. என் மனைவி அந்த ஆண்டுதான் இறந்தாள்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு அவருடைய மச்சான் ஒருவர் ஒரு கதை சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் அந்தக் கரையின் முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுத இயக்கம் உடுத்த துணியோடு ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, நானாவின் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. தென்னந்தோப்பில் ஓலைக் கொட்டில்கள். நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் ஒருநாள் நானாவின் உம்மாவுக்கு ஒரு அரிசிப் பையைக் கொடுத்து, படம் எடுத்தார்களாம். கமெராவில் ஏதோ பிழை. பையைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்தார்களாம். மறுபடி பிழை. மூன்றாம் தரம் உம்மாவைச் சிரிக்கவும் சொன்னார்களாம். அவர் சிரித்தாராம்.

இது உண்மையா என்று நானாவிடம் கேட்டேன்.

“புத்தளத்தில அப்ப சரியான மழை” என்றார்.

இனி அவருடைய மகளைப் பற்றி எழுதவேண்டும்.

மூன்று பிள்ளைகளில் கடைசி. நான் பார்க்கத் தொடங்கியபோது இருபது, இருபத்தொரு வயது. தையல் மெசினும் அவளும் அந்த வீட்டின் முன்னறையில் இருந்தார்கள். சிறு வயதில் வந்த தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டதில் மூட்டுகள் வீங்கி, பிறகு அது இதயத்தின் வால்வைத் தொட்டுவிட்டது. முகாமுக்கு வந்த டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தார். இன்னொரு தரம் அந்தத் தொண்டை நோவும் காய்ச்சலும் வராமல் பார்த்துக்கொண்டால் அவள் நீண்ட காலம் இருப்பாள் என்றார். அதற்கு மாதம் ஒரு பெனிசிலின் ஊசி. மிகவும் மலிவான மருந்து. மலிவு என்பதாலேயே அதைச் செய்ய விரும்பும் கம்பனிகள் குறைவு என்றும் டொக்டர் சொன்னார். பணக்கார நாடுகளில் இந்த நோயைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த டொக்டர்மார்தான் இப்போது கூடுதலாம்.

“அவங்களுக்கு எப்பிடி இல்லாமப் போச்சு?” என்று நானா கேட்டார்.

“நல்ல வீடு, நல்ல தண்ணி, நேரத்துக்கு மருந்து” என்றார் டொக்டர்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”



அந்த ஊசி இடுப்புக்குக் கீழே தசையில் போடுவது. போட்டபின் நடக்கவே நோகும். மகள் அதையும் விளையாட்டாக்கிவிடுவாள்.

“மிஸ், போன மாசம் வலப்பக்கம். இண்டைக்கு இடப்பக்கம். வஞ்சகம் இல்லாமக் குத்துங்க.”

நொண்டிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் திரும்பி, “நன்றி மிஸ்” என்பாள். பிறகு தகப்பனை ஒரு பார்வை பார்த்து, இன்னும் உரத்து, “நன்றி மிஸ். இது வாப்பாட பங்கு” என்பாள். தாதி ஒவ்வொரு மாதமும் இதற்காகவே காத்திருந்து சிரிப்பார். நானா தண்ணீர்ப் போத்தலைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்.

உதவி கொடுக்கும் நாட்டிலிருந்து ஒரு பெண் அதிகாரி முகாமைப் பார்க்க வருகிறார் என்று எங்கள் கந்தோருக்குத் தகவல் வந்தது. திட்டத்தைத் தொடர்வதா என்று பார்க்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். ஊர்க் கூட்டத்தில் வரவேற்புரை பள்ளிக்கூட ஆசிரியருக்கு, நன்றியுரை நானாவுக்கு என்று தீர்மானம் ஆனது. வேறொரு ஊராக இருந்தால் இப்படி நடந்திருக்காது. ஆனால் அங்கே கூட்டத்தின் கடைசி வார்த்தை பள்ளிவாசல் நிர்வாகத்தில் மூத்தவருக்கு உரியது. அதை வேறொருவருக்குக் கொடுத்தால் அவமதிப்பு. நானாவின் குணம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்து சம்மாட்டி மட்டும் என்னிடம், “கிளாக்கர், நீங்களாவது எழுதிக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி அல்லாதான் காப்பாத்தோணும்” என்றான்.

எழுதிக்கொடுத்தேன். நல்ல உரை. அவர் வாசித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அதிகாரி வருவதற்கு முதல்நாள் மகள் அவருக்குப் பயிற்சி கொடுத்தாள். மெசினை நிறுத்திவிட்டு, அந்த வெள்ளைக்காரப் பெண்ணைப்போலக் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

“நான்தான் அவ. சொல்லுங்க பாப்பம்.”

“என்னத்தச் சொல்ல?”

“ந… ன்… றி. மூண்டே எழுத்து. நாக்குத் தேயாது வாப்பா.”

“நீதான் என்ட பங்கையும் சேத்துச் சொல்லுறியே.”

“நான் ஊசிக்குச் சொல்லுறன். நீங்க ஊருக்குச் சொல்லுங்க.”

ராத்தா அடுப்படியிலிருந்து, “கல்லில நார் உரிக்காதடி” என்றார்.

அடுத்தநாள் நடந்ததை அன்று மாலையே எழுதிவைத்தேன். முன்மண்டபத்தில் கதிரைகள். வந்த பெண் அதிகாரி ஐம்பது வயதைத் தாண்டியவர். வெயிலில் முகம் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். மன்னார் ரவுணிலிருந்து வந்த ஒரு இளைஞர் மொழிபெயர்த்தார். நானா எழுந்தார். சட்டைப்பையைத் தொட்டார். என் தாளை எடுக்கவில்லை.

“நன்றி சொல்ல என்னை எழுப்பியிருக்காங்க. நீங்க அனுப்பினது வந்து சேந்துட்டு. மருந்து வந்தது, டொக்டர் வந்தார், மிஸ் வந்தா. களவு போகல்ல, பழுதாகல்ல. அதுக்கு நான் சாட்சி.

“என்ட மகளுக்கு இருக்கிற நெஞ்சு வருத்தம் உங்கட நாட்டில இல்லையாம். இல்லாமப் போறதுக்கு வழி தெரிஞ்சவங்க நீங்க. கிணத்துக்குள்ள ஆள் கிடக்க, கையில கயித்த வச்சிருக்கிறவனுக்கு அதப் போடுறது கடமை. ஏறி வந்தவன் உங்கட காலப் பிடிக்கோணும் எண்டில்ல. நீங்க நல்லவங்க எண்டு நான் சொன்னா, நீங்க நல்லவங்களா இருக்கிற வரைக்கும்தான் மருந்து வரும் எண்டு ஆகிடும். எங்கட ஸகாத் மனசு வந்தாக் குடுக்கிறதில்ல. வருசம் திரும்பினாக் குடுக்கிறது. அப்பிடிக் குடுங்க. நாங்க அப்பிடி வாங்குவம். அவ்வளவுதான். தேத்தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க.”

மொழிபெயர்த்த இளைஞர் இடையில் இரண்டு தரம் நிறுத்தினார். எவ்வளவைச் சொன்னார், எவ்வளவை விட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எழுந்து வந்து நானாவிடம் ஏதோ சொன்னார். “இதை அப்படியே அங்கே எழுதுவேன் என்கிறா” என்றார் இளைஞர். அந்த முகத்தில் கோபம் இருந்ததா, மரியாதை இருந்ததா என்று பின்னர் ஊரில் பெரிய விவாதம் நடந்தது. நான் அருகில்தான் நின்றேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு முகாம் சில மாதங்கள் நடந்தது. பிறகு ஒரு மாதம் வாகனம் வரவில்லை. கந்தோருக்குத் தகவல் வந்தது: நிதி நிறுத்தப்பட்டதால் சேவை முடிவடைகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி என்று அதில் இருந்தது.

ஊர் நானாவோடு சண்டை பிடிக்கவில்லை. அது சண்டையைவிட மோசம். கரையில் அவர் வந்தால் பேச்சு நிற்கும். பள்ளியில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் தொழுகை முடிந்ததும் விரைவாக எழுந்துபோனார்கள். சம்மாட்டி ஒருவன்தான் முகத்துக்கு நேரே சொன்னான்.

“கயிறு அறுந்துட்டு நானா. நீங்கதான் வாயால அறுத்தது.”

நானா தராசில் மீனை நிறுத்துக்கொண்டிருந்தார். முள் நிலைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அது 2022ஆம் ஆண்டு. அந்த ஆண்டைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டீசல் இல்லை, பஸ் எப்போதாவதுதான். மண்ணெண்ணெய் இல்லாததால் வள்ளங்கள் மணலில் கிடந்தன. கறிக்கு மீன் கேட்டு ஒருவரும் கரைக்கு வரவில்லை. நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு. மகள் ஊசிக்காக ரவுணுக்குப் போய்வரத் தொடங்கினாள். ஒருமுறை மீன் லொறியில் போனாள். ஒருமுறை போய்ச் சேர்ந்தபோது ஊசி மருந்து முடிந்திருந்தது. பதிலுக்குக் குளிசை கொடுத்தார்கள். பிறகு குளிசையும் பாதி மாதத்துக்குத்தான் கிடைத்தது. தனியார் மருந்துக் கடைகளிலும் தேடினோம். நானும் தேடினேன், மன்னாரிலும் வவுனியாவிலும். யாரும் மறுக்கவில்லை. யாரிடமும் இருக்கவில்லை.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் தொண்டை.

நானா என் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். பாப்பாமோட்டைக்கு அவர் அதற்கு முன் வந்ததில்லை. வைக்கோல் ஏற்றிவந்த லொறியில் இறங்கி, வயல் வரம்பால் நடந்து வந்தார்.

“வாங்கோ நானா, இருங்கோ.”

இருக்கவில்லை.

“கிளாக்கர், நன்றி எழுதோணும்.”

“ஆருக்கு?”

“அவங்களுக்கு. கொழும்புக் கந்தோருக்கு. நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். நீங்களும் வாங்க.”

தாளை எடுத்தேன். அவர் நின்றுகொண்டே சொன்னார். ஊர் மக்கள் எல்லோரும் நன்றி கூறுவதாகவும், அன்று பேசியது முதியவர் ஒருவரின் அறியாமை என்றும், மன்னிக்க வேண்டும் என்றும், வாகனத்தை மாதம் ஒரு முறையாவது, அதுவும் முடியாவிட்டால் ஊசியை மட்டுமாவது அனுப்ப வேண்டும் என்றும்.

“‘மிக்க நன்றி’ எண்டு போடட்டுமா?”

“போடுங்க. அதுக்கு மேல சொல் இருந்தா அதையும் போடுங்க.”

எழுதினேன். அதற்கு மேற்பட்ட சொற்கள் தமிழில் நிறைய உண்டு. எல்லாவற்றையும் போட்டேன்.

கொழும்பில் அந்தக் கந்தோர் ஒரு அமைதியான தெருவில் இருந்தது. எங்களைப் பார்த்தது ஒரு தமிழ்ப் பெண் அலுவலர், மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். மரியாதையாக இருத்தினார், தேநீர் தந்தார். எங்கள் தாளை முழுவதும் வாசித்தார். வாசிக்கும்போது அவருடைய கண்கள் ஓரிடத்தில் நின்று, மறுபடி போயின.

“ஐயா, இது இங்க எடுத்த முடிவு இல்லை. அங்க அவங்கட அரசாங்கம் வெளிநாட்டு உதவிக் காசைக் குறைச்சிட்டுது. எங்களுக்கு மட்டும் இல்லை, கனக்க நாடுகளுக்கு ஒரே தரமா. எங்கட ஆக்களுக்கே வேலை போகுது.”

“எங்கட ஊர் மேல கோபமில்லையா?”

“கோபமா? ஏன்?”

“ஊர்ப் பேர் அதுல இருக்கா?”

“எதில ஐயா?”

“நிப்பாட்டின கடதாசியில.”

“ஊர்ப் பெயர் ஒண்டும் அதில இல்லை. நாட்டின்ர பெயரும் தொகையும்தான்.”

“அப்ப நான் பேசினது?”

“எந்தப் பேச்சு?” என்றார் அவர்.

நானா என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அந்த அலுவலர் அப்போதுதான் எங்கள் தாளில் இருந்த மன்னிப்பின் பொருளை விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். முகம் மாறிவிட்டது. “ஐயோ, அதுக்காக இல்லை. அந்த அம்மா உங்கட ஊருக்கு வர முந்தியே இது முடிவாகியிருக்கும்” என்றார். ஊசி மருந்து தங்களிடம் இல்லை என்றும், தெரிந்த இடங்களில் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். கேட்டும் பார்த்தார். எனக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்துக் கிடைக்கவில்லை என்று சொன்னார்.

நானா எழுந்து, வெறும் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் மேசையில் வைத்தார்.

“நன்றி மகள்” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. வெளியே வந்து வாசற்காவலாளிக்கும் சொன்னார். பஸ்ஸில் கொண்டக்டருக்குச் சொன்னார். புத்தளத்தில் பஸ் நின்றபோது தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொடுத்தேன், எனக்கும் சொன்னார்.

மகள் பெரியாஸ்பத்திரியில் பதினைந்து நாட்களுக்கு மேல் இருந்தாள். மூச்சு வாங்கியது. பேசுவதை டொக்டர்மார் குறைக்கச் சொன்னார்கள், அவளும் குறைத்துக்கொண்டாள். நான் கடைசியாகப் பார்த்தபோது கையைச் சிறிது தூக்கி, “வாப்பா எல்லாருக்கும் நன்றி சொல்லுறாராம், மெய்யா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “நிப்பாட்டச் சொல்லுங்க. அவருக்கு அது பொருந்தல்ல” என்றாள்.

நான் அதை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் மௌத்தானாள். ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம். மழை இல்லை, கச்சான் காற்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. மையவாடியிலிருந்து திரும்பியபோது வீட்டு முன்மண்டபத்தில் அயலவர்கள் கொண்டுவந்த சோற்றுச் சட்டிகள் வரிசையாக இருந்தன. அவர்கள் வழக்கப்படி அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. நானா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். சம்மாட்டி எங்கிருந்தோ மண்ணெண்ணெய் தேடிக் கடலுக்குப் போய் வந்திருந்தான். ஒரு பெரிய பாரைக்குட்டியை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தான்.

“நன்றி தம்பி” என்றார் நானா.

சம்மாட்டி மீனைக் கீழே வைக்காமல் நின்றான். “எனக்கு ஏன் நானா சொல்லுறீங்க?” என்றான். “பேசுங்க. என்னை ஏசுங்க.”

“நன்றி” என்றார் மறுபடி.

ராத்தா உள்ளேயிருந்து எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். “ஒவ்வொருத்தருக்கும் சொல்லாதீங்க. எனக்குக் கேக்க ஏலாம இருக்கு.”

மூன்றாம் நாளும் சொன்னார். நாற்பதாம் நாளும் சொன்னார். அடுத்த ஆண்டு ராத்தாவோடு புத்தளத்துக்கு, மூத்த மகனிடம் போய்விட்டார். தொலைபேசியில் பேசும்போது, எடுத்ததற்கு நன்றி என்கிறார். வைக்கும்போதும் சொல்கிறார்.

ஒரே ஒரு முறை அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். புத்தளத்துக்குப் போகும் அன்று, சாமான்கள் லொறியில் ஏறிய பிறகு.

“கிளாக்கர், நீங்க நாள், திகதி எல்லாம் பாக்கிற ஆள். அவங்க நிப்பாட்ட முடிவெடுத்தது நான் பேச முந்தியா, பிந்தியா?”

“தெரியாது நானா.”

“தெரிஞ்சாச் சொல்லுங்க. எப்பிடி இருந்தாலும் சொல்லுங்க.”

தேடினேன். அந்த நாடு உதவித் தொகையைக் குறைத்தது உண்மை, செய்தித்தாள்களில் வந்தது. ஆனால் அந்தக் குறைப்புக்குள் எங்கள் வாகனம் எப்போது சேர்க்கப்பட்டது என்பது எதிலும் இல்லை. கொழும்பு அலுவலர், வருகைக்கு முன்பே முடிவாகியிருக்கும் என்றார். அவர் இரக்கத்தால் சொல்லியிருக்கலாம். மொழிபெயர்த்த இளைஞரை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மன்னார்ப் பஸ் நிலையத்தில் கண்டேன். அந்தப் பெண் அதிகாரியின் அறிக்கையில் நானாவின் பேச்சு முழுவதும் இருந்தது, அது மேலே போன பிறகுதான் எங்கள் திட்டத்தை எடுத்து அந்தப் பட்டியலில் போட்டார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். தான் மொழிபெயர்த்த பேச்சு பெரிதாகப் பேசப்பட்டது என்று நம்ப அவருக்கும் ஒரு காரணம் இருக்கலாம். அந்தப் பெண் அதிகாரிக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவது திரும்பி வந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லை.

எது முந்தியது, எது பிந்தியது என்பதை இதை எழுதும் இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.